வீட்டுக்கு அனுப்பியவர் பதிவேடு

1970ஆம் ஆண்டு ஜூலை 14, செவ்வாய்க்கிழமை, முற்பகல் மணி பதினொன்று இருபது. மேற்கே மேகம் கட்டியிருந்தது; மழை இல்லை, காற்றும் இல்லை. கேஷுவாலிட்டி சுவரில் தொங்கிய வெப்பமானி தொண்ணூற்றெட்டு டிகிரி காட்டியது. அது எப்போதும் ஒரு டிகிரி குறைத்துக் காட்டும் என்பதால் தொண்ணூற்றொன்பது என்று கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் நான் சண்முகம் என்ற நெசவாளியை, படுக்கை தராமல், ஒரு சீசா மிக்ஸ்சரோடு வீட்டுக்கு அனுப்பினேன்.

இத்தனை காலம் கழித்து இதை எழுதக் காரணம் என் தம்பியின் பேத்தி. சென்னையில் அவசரப் பிரிவில் டாக்டராக இருக்கிறாள். போன மாதம் வந்தபோது கைபேசியில் ஒரு படம் காட்டினாள். அவள் எத்தனை பேரை வார்டில் சேர்த்தாள், அவளோடு வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேரைச் சேர்த்தார்கள், சேர்த்தவர்களில் எத்தனை பேர் மறுநாளே வீடு போனார்கள் என்று மாதாமாதம் கணக்கு வருகிறதாம். "தேவையில்லாம அட்மிட் பண்றதைக் குறைக்க இது புது முறை, பெரிய தாத்தா" என்றாள். "காஞ்சிபுரத்துல நாங்க இதைப் பென்சில்ல பண்ணினோம்" என்றேன். சிரித்தாள். நம்பாதவர்களுக்கு எழுதும்போது தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும். ஆகவே பழைய டைரிகள் பன்னிரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவற்றில் இரண்டைக் கரையான் தின்றிருக்கிறது. நல்லவேளை, அந்த இரண்டும் இதற்குச் சம்பந்தப்பட்டவை அல்ல.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐந்தரை ஆண்டு படித்தேன், ஓராண்டு பயிற்சி, பிறகு ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூன்றாண்டு. அங்கே ஒரு குழந்தையைச் சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை அதன் தகப்பனார் மிச்சம் இருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க வந்தார். மூன்று மாத்திரை. வேறு யாருக்காவது ஆகும் என்று மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு யாரையும் வீட்டுக்கு அனுப்ப எனக்குக் கை வருவதில்லை.

இந்தக் கையோடுதான் காஞ்சிபுரத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் கேஷுவாலிட்டிக்கு வந்து சேர்ந்தேன். சேர்ந்த அன்றே ஆண்கள் வார்டை எண்ணினேன். கட்டில் நாற்பது, ஆள் எண்பத்து மூன்று. கட்டில்மேல் ஒருவர், கட்டிலுக்கு அடியில் ஒருவர், இரண்டு கட்டிலுக்கு நடுவே பாயில் மூன்று பேர். நான் வேலை பார்க்கத் தொடங்கிய பிறகு எண்பத்து மூன்று தொண்ணூற்றாறு ஆயிற்று.

நோயில்லாதவர்களும் படுக்கை கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருந்தது. காலையில் வார்டில் ரொட்டியும் பாலும் கொடுத்தார்கள். முகூர்த்த மாதத்துக்குச் சேலை முடியவில்லை என்றால் முதலாளியின் ஆளுக்குக் காட்ட ஆஸ்பத்திரிச் சீட்டைவிட நல்ல சாக்கு கிடையாது. அடிதடிக்காரர்கள் சட்டம் படித்துவிட்டு வருவார்கள். இருபது நாள் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தால் அது கொடுங்காயம். அடித்தவனை உள்ளே தள்ளலாம். தாமல் ஏரி மதகுத் தண்ணீருக்காக அடித்துக்கொண்ட இருவர் ஒரே மாட்டுவண்டியில் வந்து இறங்கினார்கள்.

"எனக்கு இருபது நாள் வேணும் சார்" என்றார் ஒருவர்.

"அவனுக்கு இருபதுன்னா எனக்கு இருபத்தொண்ணு போடுங்க" என்றார் மற்றவர்.

இரண்டு பேரையும் சேர்த்தேன். தலைக்காயம் என்றால் எனக்குப் பயம். பக்கத்துப் பக்கத்துக் கட்டில், ஏழும் எட்டும். நான்காம் நாள் இருவரும் ஒரே பீடியை மாற்றி மாற்றிக் குடித்துக்கொண்டிருந்ததைப் பெரிய டாக்டர் பார்த்தார்.

பெரிய டாக்டர் என்று நாங்கள் சொன்னது மருத்துவமனைத் தலைவரை. அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஒருவர் செய்தது பிடிக்கவில்லை என்றால் "அப்படியா" என்பார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். வேட்டித் துண்டு ஒன்று கோட்டுப் பையில் இருக்கும். அதை எடுத்து, இடது கண்ணாடியை ஆறு சுற்று, வலது கண்ணாடியை ஆறு சுற்று துடைப்பார். மாட்டிக்கொண்டு "அப்புறம்?" என்பார். அந்தப் பன்னிரண்டு சுற்றுக்குள் எதிரில் நிற்பவர் தன் குற்றங்களையெல்லாம் தானே சொல்லிவிடுவார். பீடி விஷயத்தில் அவர் கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கு முந்தின வாரம் கொட்டாவி நிற்கவில்லை என்று வந்த ஒருவரைச் சேர்த்ததையும் சொல்லிவிட்டேன்.

மறு வாரமே, 1970 பிப்ரவரியில், சனிக்கிழமைக் கூட்டம் ஆரம்பமாயிற்று. பிற்பகல் இரண்டரை மணி, துணிக் கிடங்கில். ஒழுங்காகச் சாத்தும் கதவு மருத்துவமனையிலேயே அந்த அறைக்குத்தான் இருந்தது. சுற்றிலும் வெளுத்துவந்த போர்வைகள். நடுவில் நான்கு முக்காலி, ஒரு நாற்காலி. கேஷுவாலிட்டியில் முறை வைத்து வேலை பார்த்த டாக்டர்கள் நான்கு பேரும் அந்த வாரம் சேர்த்த நோயாளிகளின் தாள்களைக் கட்டாகக் கொண்டுவர வேண்டும். ஊசிகள் வைக்கும் எனாமல் தட்டில் சீட்டுக் குலுக்கிப் போட்டு, என் கட்டு இன்னொருவருக்கு, அவர் கட்டு வேறொருவருக்கு என்று மாறும். ஒவ்வொரு தாளையும் படித்து, பின்பக்கம் பென்சிலால் 'தேவை' அல்லது 'தேவையில்லை' என்று எழுதி, ஏன் என்று ஒரே ஒரு வாக்கியம். கையெழுத்து இல்லை. திட்டக் கூடாது, பாராட்டவும் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு பெரிய டாக்டர் உரக்கப் படிப்பார்.

"நான் சொன்னா உத்தரவு. உங்களில் ஒருத்தர் சொன்னா யோசனை. யோசனைதான் உள்ளே இறங்கும்" என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

பெயர் தெரியக் கூடாது என்பதற்காகச் சுவர் அட்டையில் எங்களுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்து. மாதாமாதம் வண்ணப் பென்சிலால் கோடு ஏறும். 'சி'யின் கோடு மற்ற மூன்றையும்விட இரண்டு மடங்கு உயரம். சி யார் என்பது வார்டு பெருக்குபவர்வரை எல்லாருக்கும் தெரியும். சிஸ்டர் ஞானம்மாள் ஒருநாள் வாய் தவறி, "சி சார், பாம்புக்கடி ஒண்ணு வந்திருக்கு" என்று கூப்பிட்டார். நானும் போனேன்.

மற்ற மூவரில் இந்தக் கதைக்கு வேண்டியவர் டாக்டர் வேங்கடேசலு. அந்த ஊரிலேயே பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் காஞ்சிபுரத்துத் தமிழ். எங்களில் சுவரில் மிகக் குட்டையான கோடு அவருடையது.

"யோவ், உன்னாண்ட வந்து தும்மினாக்கூட பெட்டு குடுத்துடறியே" என்பார். "செத்தவன் எவனாச்சும் வந்தா இன்னா பண்ணுவ? ரெண்டு பெட்டு குடுப்பியா?"

அவருடைய பென்சில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து விழும். எங்கே கண்டாலும் தெரியும். தேர்த் திருவிழா நெரிசலில் மயங்கி விழுந்து, நான் இரண்டு நாள் வைத்திருந்த அம்மாளின் தாளில் எழுதியிருந்தார்: "தேவையில்லை. ஒரு டம்ளர் மோர் போதும்." எனக்கு மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் அடுத்த மயக்கத்துக்கு நான் மோர் வாங்கிக் கொடுத்தேன். அந்த அம்மாள் குடித்துவிட்டு, எழுந்து, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். நிஜமாகவே நான் கற்றுக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு பயந்துகொண்டு சேர்ப்பேன். இப்போது ஏன் சேர்க்கிறேன் என்று எழுத வேண்டியிருந்ததால் இன்னொரு தடவை கை வைத்துப் பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தால் பாதிப் பேருக்கு ஒன்றும் இல்லை. ஜூன் மாதம் ஆண்கள் வார்டில் ஆள் முப்பத்தெட்டு. கட்டிலுக்கு அடியில் ஒருவரும் இல்லை.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். வராந்தாவில் ஆறு பேர் உட்காரும் பெஞ்சு ஒன்று. சேர்க்கவும் மனமில்லை, அனுப்பவும் துணிவில்லை என்றால் "கொஞ்ச நேரம் உக்காருங்க" என்று அங்கே உட்கார வைப்போம். பெஞ்சில் இருப்பவருக்குத் தாள் கிடையாது; தாள் இல்லாததால் சனிக்கிழமையும் கிடையாது. ஒருநாள் எண்ணினேன்: பதினான்கு பேர். இருவர் முந்தின நாளிலிருந்து இருந்தார்கள். ஒருவர் அங்கேயே குணமாகி, யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

இனி நெசவாளி வயிறு.

தறியில் உட்கார்பவருக்கு முன்னால், நெய்த சேலையைச் சுருட்டும் கட்டை இருக்கும். படமரம் என்பார்கள். குழியில் காலை விட்டுக் குனிந்து நெய்யும்போது அது வயிற்றில் வந்து முட்டும். பதினைந்து வயதில் தறியில் இறங்கியவருக்கு அந்த இடத்தில் தோல் காய்த்துப்போயிருக்கும். வயிற்றுவலி என்று வந்த இரண்டு நெசவாளிகளை மே மாதத்திலும் ஒருவரை ஜூலை முதல் வாரத்திலும் நான் சேர்த்தேன். மூவரும் மறுநாளே சுகமாக வீடு போனார்கள். மூன்றாவது தாளின் பின்னால் சாய்ந்த எழுத்தில் இருந்தது: "தேவையில்லை. நெசவாளி வயிறு. படமரம் இடித்த வலி. இரண்டு நாள் தறியில் இறங்காவிட்டால் போகும்." அது சரியான வாக்கியம். மூன்று முறை சரியாக இருந்தது. நாங்கள் நால்வரும் அதை ஒரு நோயின் பெயர் போலவே சொல்ல ஆரம்பித்திருந்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சண்முகம் குனிந்தபடி நடந்துவந்தார். வயது முப்பத்து நான்கு, பிள்ளையார்பாளையம். மனைவி தனலட்சுமி பின்னால்.

"எங்க வலி?" என்றேன்.

"மொதல்ல தொப்புளாண்ட இருந்துச்சு சார். இப்போ வலது பக்கமா எறங்கிக்கினு வருது."

"வாந்தி?"

"ஒரு தபா."

"மூணு தபா சார்" என்றார் தனலட்சுமி. "இவரு கொறச்சிச் சொல்றாரு."

"படமரம் இங்கதான் இடிக்குமா?"

"இடிக்காம இன்னா சார்? பத்தொம்போது வருஷமா இடிச்சிக்கினுதான் இருக்குது."

நாடி தொண்ணூற்றாறு. சூடு தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. வலது அடிவயிற்றில் அழுத்தினால் முகம் சுருங்கியது. இதையெல்லாம் அவர் சீட்டில் எழுதினேன். சிஸ்டர் ஞானம்மாள் கேட்காமலே சேர்க்கைத் தாளைப் பாதி உருவிவிட்டார். அவருக்கு என்னைத் தெரியும்.

"பெட்டு ஒண்ணு குடுங்க சார்" என்றார் தனலட்சுமி. "தரையா இருந்தாலும் பரவால்ல. பாய் நான் எடுத்தாந்துக்கறேன்."

"நீ சும்மா இரும்மே" என்றார் சண்முகம். "பெட்டுல படுத்துக்கினா சேலைய யாரு முடிக்கிறது? ஆவணி மொத முகூர்த்தத்துக்குக் குடுக்கணும் சார். எனக்கு பெட்டு வாணாம். ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க."

என் கை தாளை நோக்கிப் போனது. போன கை நின்றது. அந்த வாரம் அதுவரை ஐந்து பேரைச் சேர்த்திருந்தேன். ஐந்தும் யார் பென்சிலும் தொட முடியாத ஐந்து. கூட்டம் ஆரம்பித்து இருபத்திரண்டு வாரத்தில் ஒரு 'தேவையில்லை'கூட வாங்காத வாரம் எனக்கு ஒன்றுகூட இல்லை. இது முதல் வாரமாக இருக்கும். எனக்கு அந்த வாரம் வேண்டியிருந்தது. நோயாளியே வேறு படுக்கை வேண்டாம் என்கிறார்.

"வேணாம் சிஸ்டர், மிக்ஸ்சர் குடுங்க" என்றேன். "ரெண்டு நாள் தறியில இறங்காதீங்க."

சிஸ்டர் பாதி உருவிய தாளைத் திரும்ப உள்ளே தள்ளினார். அதற்கு உருவியதைவிட நேரம் பிடித்தது.

மறுநாள் புதன்கிழமை காலை ஆறு ஐந்துக்கு முகம் மழித்துக்கொண்டிருந்தேன். வலது கன்னம் முடிந்து இடது கன்னத்துக்குக் கத்தியைக் கொண்டுபோனபோது சண்முகம் சொன்ன பதில் காதில் விழுந்தது. பத்தொன்பது வருஷமாக இடிக்கும் கட்டை. அப்படியானால் பத்தொன்பது வருஷமாக வலிக்காத வயிறு நேற்றைக்கு ஏன் வலித்தது? அதைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். பதிலை அவர் என் கையில் கொடுத்தார். நான் அதை வாங்கி, தப்பான பக்கம் வைத்துவிட்டேன்.

கன்னத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். மருத்துவமனையில் புறநோயாளிச் சிட்டாவில் கதவு எண்ணைப் பார்த்துக்கொண்டு, ஆறு ஐம்பதுக்குப் பிள்ளையார்பாளையம். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அந்த வீட்டில் மட்டும் இல்லை. சண்முகம் தறிக் குழிக்குப் பக்கத்தில் பாயில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சார்! விட்டுடுச்சு சார். கொஞ்ச நேரம் முன்னாடி டக்குனு விட்டுடுச்சு. நீங்க சொன்ன மாதிரியே."

"நேத்து சாயங்காலம் வெளக்கெண்ண குடுத்தேன் சார்" என்றார் தனலட்சுமி. "அதுதான் கேட்டுச்சு."

உட்கார்ந்து நாடி பார்த்தேன். நூற்று இருபத்து நான்கு. வயிற்றில் கை வைத்தேன். பலகை. குடல்வால் சீழ் வைத்திருக்கும்போது விளக்கெண்ணெய் கொடுத்தால் அது வெடிக்கலாம். வெடித்தால் கொஞ்ச நேரம் வலி அடங்கினதுபோல் இருக்கும். அதற்குள் வயிறு முழுக்கச் சீழ் பரவிவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவர் எனக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்றேன்.

"எதுக்கு சார்? வலிதான் இல்லையே."

"வலி இல்லாததுனாலதான்."

சொன்ன எனக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகப் பட்டது. தனலட்சுமி என் முகத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் மழித்து ஒரு பக்கம் மழிக்காத முகம்.

"நேத்து நாங்க பெட்டு கேட்டோம், குடுக்கல. இன்னிக்கு அவரு வலி இல்லன்றாரு. நீங்க ஊட்டாண்ட வந்து பெட்டு குடுக்கறீங்க. இன்னா சார் இது?"

"நேத்து நான் தப்புப் பண்ணிட்டேன்மா."

தனலட்சுமி சுவரில் சாத்தியிருந்த கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு, தெருவைப் பார்த்து நாலு பேர் பெயரைச் சொல்லிக் கத்தினார்.

நான்கு நெசவாளிகள் கட்டிலைத் தூக்கினார்கள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடந்தேன். நூறு அடிக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லி நாடி பார்த்தேன். நூற்று இருபத்தெட்டு. நூற்று முப்பத்திரண்டு.

"இன்னா சார்" என்றார் முன்கால் பிடித்திருந்தவர், "டாக்டரே ஆள் புடிக்க வந்துட்டீங்க? ஆஸ்பத்திரியில கட்டிலுங்க காலியா கெடக்குதா?"

காலியாகத்தான் கிடந்தன. அன்றைக்கு ஆறு.

பெரிய டாக்டர் எட்டரை மணிக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நான் செவ்வாய்க்கிழமை எழுதியதையும் புதன்கிழமை கண்டதையும் சொன்னேன். "அப்படியா" என்றார். கையில் உறை மாட்டியிருந்ததால் கண்ணாடியைத் துடைக்கவில்லை. எனக்கு அது துடைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. வயிற்றிலிருந்து எடுத்த சீழை அளந்தேன். அளவை இங்கே சொல்ல வேண்டாம். ஐந்தாம் நாள்வரை பிழைப்பாரா என்று தெரியவில்லை. பிழைத்தார். முப்பத்தெட்டு நாள் படுக்கை. பன்னிரண்டாம் நாள் முதலாளியின் ஆள் வந்து, தறியில் பூட்டியிருந்த பாவு நூலை அறுத்து வேறு தறிக்குக் கொண்டுபோனார். வயிறு தையல் தாங்கி, சண்முகம் மறுபடி தறியில் உட்காரப் பத்து மாதம் ஆயிற்று. அதுவரை தனலட்சுமி மற்றவர்களின் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்து வாங்கிய கூலியில் வீடு நடந்தது.

அந்தச் சனிக்கிழமை என் கட்டு வேங்கடேசலுவுக்குப் போயிற்று. பெரிய டாக்டர் ஒவ்வொன்றாகப் படித்தார். தேவை, தேவை, தேவை. சண்முகம் தாளைத் திருப்பினார். "தேவை. செவ்வாய்க்கிழமையே."

கண்ணாடி கழன்றது. ஆறு சுற்று, ஆறு சுற்று.

"அப்புறம்?" என்றார்.

"செவ்வாய்க்கிழமைத் தாள் இந்தக் கட்டுல இல்லை சார்" என்றேன். "அனுப்பினவங்களுக்குத் தாளே கிடையாது. சீட்டை அவங்களே எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க. அவர் வீட்டிலேயே இறந்திருந்தா இந்த வாரம் எனக்கு ஒரு 'தேவையில்லை'கூட வந்திருக்காது. சுவத்துல என் கோடு இன்னும் குட்டையாகியிருக்கும்."

வேங்கடேசலு பென்சிலைக் கீழே வைத்தார். "அந்தப் படமர வாக்கியம் என்னுதுய்யா" என்றார்.

"தெரியும்."

"பேரு போடலையே?"

"உன் எழுத்து போதும்."

பெரிய டாக்டர் ஒரு புதிய பதிவேடு தரச் சொன்னார். வீட்டுக்கு அனுப்பியவர்களில் மூன்று நாளுக்குள் அதே நோய் முற்றித் திரும்பி வந்தவர், அனுப்பிய டாக்டர், காரணம் என்று நானே கட்டம் போட்டேன். பக்கங்களுக்கு எண் போட்டு, அரசு வழக்கப்படி அட்டையின் உட்புறத்தில் "இதில் 200 பக்கங்கள் உள்ளன" என்று சான்று எழுதிக் கையெழுத்திட்டேன். முதல் பதிவும் என்னுடையதே, மையில்.

ஒன்பது மாதத்தில் அதில் இரண்டாவது பதிவு விழவில்லை.

"எனக்கு மறதி ஜாஸ்திபா" என்றார் வேங்கடேசலு. ஆனால் வேறொன்று நடந்தது. ஒரு வயிற்றை அனுப்புவதற்கு முன்னால் அவர் என்னைத் தேடி வருவார். "யோவ், உன் பயந்தாங்கொள்ளிக் கையை இதும்மேல ஒருதரம் வெச்சுப் பாரு." நானும் என் நோயாளிகளை அவரிடம் காட்டுவேன். அவர் அனுப்பு என்று சொல்லி, நான் சேர் என்று சொன்னால், மூன்றாமவரைக் கூப்பிடுவோம். வராந்தாவில் நின்றபடி இரண்டு நிமிஷம். இது எதிலும் பதிவாகவில்லை. எனக்குத் தெரிந்து, அதன் பிறகு அந்த மருத்துவமனையிலிருந்து வயிற்றுவலியோடு அனுப்பப்பட்டு யாரும் கட்டிலில் திரும்பி வரவில்லை. எனக்குத் தெரிந்து என்பதை அடிக்கோடிடுகிறேன்.

அடுத்த ஏப்ரலில் சென்னையிலிருந்து மேலதிகாரி ஒருவர் தணிக்கைக்கு வந்தார். சுவர் அட்டையைப் பார்த்து, மிகவும் திருப்தி என்று குறித்துக்கொண்டார். பிறகு பதிவேட்டைத் திறந்தார். இருநூறு பக்கம், ஒரே பதிவு. ஒன்பது மாதத்தில் இந்த மருத்துவமனையில் தவறு செய்தவர் ஒரே ஒருவர்தான் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. ஒரு வாரத்தில் எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "தணிக்கைக்கு அவர் மறுபடி வரும்போது அந்தப் பக்கம் இருந்தே ஆகணுமா?"

"இருநூறு பக்கம்னு கையெழுத்துப் போட்டிருக்கேன் சார்."

"நூத்தித் தொண்ணூத்தொம்பதுன்னு திருத்திடுங்க."

"அப்போ பதிவேடு இரண்டாம் பக்கத்துலேர்ந்து ஆரம்பிக்கும் சார்."

அவர் ஓலையை மறுபடி எடுத்துப் படித்தார். "நோயாளியே படுக்கை வேண்டாம்னு சொன்னார் இல்லையா? அது பொய்யில்லையே. அதை எழுதி அவர்கிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்குங்க. விஷயம் முடிஞ்சது."

பொய்யில்லைதான். தாளில் எழுதி எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த வியாழக்கிழமை காலை சண்முகம் தையல் இடத்தைக் காட்ட வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"இவ்ளோதானா சார்? எங்க போடணும்?" என்று பேனாவை வாங்கிக்கொண்டார். "நான் வாணான்னு சொன்னேன்தானே. உசுரு குடுத்தவருக்கு ஒரு கையெழுத்துகூடப் போட மாட்டனா?"

தனலட்சுமி தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தார்.

"அவரு பெட்டு வாணான்னு சொன்னது இதுல இருக்குது சார்" என்றார். "நான் கேட்டது எங்க இருக்குது?"

கோபமாகக் கேட்கவில்லை. தேடியும் கிடைக்கவில்லை என்பதுபோலத்தான் கேட்டார். சண்முகம், "இன்னாம்மே நீ" என்று அதட்டினார். நான் அவர் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொண்டேன். கையெழுத்து விழவில்லை.

விளக்கத்தை வேறு தாளில் புதிதாக எழுதினேன். நான்கு பக்கம். நாடி, சூடு, தொட்டுப் பார்த்தது, நோயாளி வேண்டாம் என்றது எல்லாம் இருந்தன. மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம், ஆறு சொல்: நோயாளியின் மனைவி படுக்கை கேட்டார், நான் தரவில்லை. பெரிய டாக்டர் படித்துவிட்டு, அப்படியே மேலே அனுப்பினார். திரும்பி வந்த உத்தரவில் நான்கு பக்கத்திலிருந்து அந்த ஆறு சொல்லை மட்டும் எடுத்து எழுதியிருந்தார்கள். எங்கள் சனிக்கிழமை முறையை வேறு மருத்துவமனைகளுக்கும் சொல்லி அனுப்பியதாக அதே தபாலில் இன்னொரு கடிதம். அதில் சுவர் அட்டை இருந்தது, பதிவேடு இல்லை.

எனக்கு ஓராண்டு சம்பள உயர்வு நிறுத்தம். மாதம் இருபத்தைந்து ரூபாய் வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு முந்நூறு ரூபாய். மேல்முறையீட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிய வகையில் ஒரு ரூபாய் அறுபது காசு. அதற்குப் பதில் வரவில்லை. ஆக மொத்தம் முந்நூற்றொரு ரூபாய் அறுபது காசு. சொல் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் இருபத்தாறு காசு வருகிறது, நான்கு காசு வகுபடாமல் மிச்சம்.